இரை எடுக்காத ஜிலேபி மீன்

வீரவநல்லூர் அண்ணாச்சி, வலை போட்டு அள்ளி சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றி நாலு நாளாகியும் ஜிலேபி மீன் இரை எடுக்கவில்லை, பாதி மீன் கருத்துப்போய் மூலையில் நிற்கிறது, மருந்து ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீங்க. செவுளையும் உடம்பையும் பாருங்க. புண், வெண்புள்ளி இல்லையென்றால் இது பெரும்பாலும் மிரட்சிதான்.

மீனுக்குப் பசியைத் தூண்டுவது மூளையில் சுரக்கும் நியூரோபெப்டைடு ஒய். வலையில் சிக்கி மிரண்டதும் அதே மூளையில் சி.ஆர்.எஃப் என்ற பொருள் கூடுகிறது. அது கார்ட்டிசால் என்ற மிரட்சி ஹார்மோனைச் சுரக்க வைப்பதோடு நில்லாமல் பசியையும் நேரடியாக அடக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் இதே கதைதான். அந்த மூலை மீன்கள் பெரிய மீனிடம் அடி வாங்குபவை. அடங்கிப்போன மீனின் மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தின் வேலை கூடிக்கொண்டே இருக்கும். அது தின்னாது, எதிர்க்காது, நிறமும் கருக்கும். பாவம், அதைப் பார்க்க எனக்கே மனசு கேட்காது.

இன்றைக்குத் தீவனம் போடாதீங்க. ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும் தீவனத்தை அள்ளிவிடுங்க, அது அழுகி அம்மோனியா என்ற நஞ்சாகிவிடும். கால்வாய்த் தண்ணீர் வந்தால் கால்வாசி மாற்றுங்க. விடியற்காலையில்தான் ஆக்சிஜன் ரொம்பக் குறையும், அப்போது தண்ணீரில் காற்றேற்றும் ஏரேட்டர் கட்டாயம் ஓடணும். தொட்டியில் பாதிக்குத் தென்னை ஓலை போட்டு நிழல் கொடுங்க, பெரிய மீன்களைத் தனியே பிரிங்க. நாளைக்கு ஒரு கைப்பிடி மட்டும், ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாகத் தூவிப் பாருங்க. எத்தனை மீன் மேலே வந்தது என்று எழுதுங்க.