வெவ்வேறு ஃபில்டர்களில் எடுத்த நெபுலா படங்களை ஒன்றாக ஸ்டாக் செய்யலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ரோசெட் நெபுலாவை, அதாவது வளையம் போன்ற அந்த ஒளிரும் வாயு மேகத்தை, ஒரே வண்ணக் கேமராவில் மூன்று விதமாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஓர் இரவு ஃபில்டரே இல்லாமல், ஓர் இரவு ஒளி மாசு ஃபில்டருடன், இன்னும் இரண்டு இரவுகள், இரண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் விடும் டூயல் பேண்ட் ஃபில்டருடன். எல்லா ஃபிரேம்களையும் (தனித்தனிப் படங்களையும்) ஒரே ஸ்டாக்கில், அதாவது சராசரி எடுத்து ஒரே படமாக்கும் அடுக்கில், போட்டால் மொத்த நேரம் கூடி, படம் நன்றாக வருமா?

வராது. ஒவ்வொரு ஃபில்டரில் எடுத்ததையும் தனியாக ஸ்டாக் செய்யுங்கள். பிறகு அந்த ஸ்டாக்குகளைக் கலந்துகொள்ளுங்கள். ஸ்டாக் செய்வது ஒரு வேலை, கலப்பது வேறு வேலை.

இதை நான் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் இதே ரோசெட்டில். ஃபில்டர் இல்லாமல் 1 நிமிட ஃபிரேம்கள் 140, டூயல் பேண்டில் 5 நிமிட ஃபிரேம்கள் 12 இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். வந்த படத்தில் நெபுலா, ஃபில்டர் இல்லாத படத்தில் இருந்த அளவுக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு மணி நேர டூயல் பேண்ட் டேட்டா எங்கே போனது என்று புரியவில்லை. அப்புறம் மென்பொருள் எந்தப் பிக்சல்களைத் தள்ளிவிட்டது என்று காட்டும் ரிஜெக்‌ஷன் மேப்பைத் திறந்து பார்த்தேன். அதில் ரோசெட்டின் வளையம் மங்கலாக, ஆனால் முழுதாகத் தெரிந்தது.

காரணம் எளிது. ஸ்டாக் செய்யும்போது மென்பொருள் முதலில் எல்லா ஃபிரேம்களின் பின்புலத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது. பிறகு கூட்டத்தோடு ஒட்டாத பிக்சல்களைச் செயற்கைக்கோள் கோடு, காஸ்மிக் கதிர் என்று நினைத்து வெட்டுகிறது. டூயல் பேண்ட் ஃபிரேமில் வானம் இருண்டும் நெபுலா எடுப்பாகவும் இருக்கும். 152-இல் 12 மட்டும் அப்படி இருந்தால், அந்த நெபுலா சிக்னல்தான் ஒட்டாத பிக்சல். நாம் இரவெல்லாம் விழித்துச் சேர்த்ததையே அது குப்பை என்று கழித்துவிடுகிறது. டூயல் பேண்ட் ஃபிரேம்கள் அதிகமாக இருந்தால் வெட்டு குறையும். ஆனால் அப்போதும் கிடைப்பது எதன் நிறம் என்றே சொல்ல முடியாத சராசரிதான்.

சரி, தனித்தனியாகச் செய்யும்போது முதலில் ஃப்ளாட், அதாவது தூசி நிழலையும் ஓர இருட்டையும் திருத்த, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம். ஃபில்டரை மாற்றும்போது தூசி இடம் மாறும், ஃபில்டரின் மேலேயே தூசி இருக்கும். எனவே ஒவ்வொரு ஃபில்டருக்கும் அதனதன் ஃப்ளாட் வேண்டும். டார்க்குக்கு, அதாவது சென்சாரின் சொந்தச் சிக்னலைக் கழிக்க மூடியைப் போட்டு எடுக்கும் படத்துக்கு, ஃபில்டர் ஒரு பொருட்டே இல்லை. நேரம், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), வெப்பநிலை மூன்றும் ஒத்துப்போனால் ஒரே டார்க் போதும்.

டூயல் பேண்ட் டேட்டாவை சாதாரண வண்ணப் படம் போல ஸ்டாக் செய்யாதீர்கள். சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். இந்த ஃபில்டர் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளி 656.3 நானோமீட்டர், சிவப்பில் மட்டும் விழும். ஆக்ஸிஜன்-3 500.7 நானோமீட்டர், பச்சையும் நீலமும் சந்திக்கும் இடம். அதனால் இரண்டிலும் விழும். சிரில் மென்பொருளில் இவற்றைப் பிரித்து எடுக்கும் ஸ்கிரிப்ட் தயாராகவே இருக்கிறது, இலவசம். அதை ஓட்டினால் ஒரே ஃபில்டரிலிருந்து இரண்டு கறுப்பு வெள்ளை ஸ்டாக்குகள் கிடைக்கும்.

இந்த 500.7 கோட்டின் மேல் எனக்குத் தனி ஈர்ப்பு உண்டு. 1864-இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் நிறமாலையில் இதைப் பார்த்தார். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் ‘நெபுலியம்’ என்ற புதுத் தனிமம் என்றே பின்னர் நம்பினார்கள். 1927-இல்தான் இயற்பியலாளர் ஐரா போவன், இது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜன் என்று காட்டினார். உங்கள் ஆக்ஸிஜன் ஸ்டாக்கைத் திறக்கும்போது அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறீர்கள்.

அடுத்து, எல்லா ஸ்டாக்குகளையும் ஒரே ஒரு ஸ்டாக்கோடு, நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி, ஒத்து வையுங்கள். நட்சத்திரங்கள் எதில் கூர்மையாக இருக்கிறதோ அதுவே அடிப்படை. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டிவிட்டு, ஒவ்வொன்றிலும் தனியாக கிரேடியன்ட்டை, அதாவது பின்புல வெளிச்சம் ஒரு பக்கம் கூடி இன்னொரு பக்கம் குறைவதை, நீக்குங்கள். நிலா ஒரு நாள் ஒரு பக்கம், தெரு வெளிச்சம் இன்னொரு பக்கம் இருந்திருக்கும். கலந்த பிறகு நீக்கப் பார்த்தால் மூன்று கிரேடியன்ட்டும் பின்னிக்கொள்ளும்.

இனிதான் கலப்பு. எந்த ஸ்டாக் எதற்கு உதவும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாயு தானே ஒளிரும் இடத்துக்கு டூயல் பேண்ட். நட்சத்திர நிறத்துக்கும், நட்சத்திர ஒளியைத் திருப்பி வீசும் தூசிக்கும் ஃபில்டர் இல்லாத டேட்டா. ட்ரிஃபிட் நெபுலாவின் நீலப் பாதி அப்படிப்பட்ட தூசிதான். டூயல் பேண்டில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். ஒளி மாசு ஃபில்டர் டேட்டாவை நான் நிறத்துக்குப் பயன்படுத்தமாட்டேன். சோடியம் விளக்கின் 589 நானோமீட்டரைத் தடுக்கப்போய் அக்கம்பக்க மஞ்சளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. நிறமில்லாமல் வெளிச்ச விவரத்தை மட்டும் தரும் வெளிச்ச அடுக்குக்கு மட்டும் கொஞ்சம் சேர்க்கலாம்.

ஹைட்ரஜனை ஃபில்டர் இல்லாத படத்தின் சிவப்போடு சேர்க்கும்போது நேராகக் கூட்டினால் நட்சத்திரங்கள் எல்லாம் சிவந்துபோகும். சிவப்பு சேனல் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளி வாங்குகிறது. என் ஃபில்டரின் ஹைட்ரஜன் ஜன்னல் 7 நானோமீட்டர். நட்சத்திர ஒளி இரண்டிலும் உண்டு. ஆகவே சிவப்புப் படத்தை ஒரு சிறிய எண்ணால் பெருக்கி ஹைட்ரஜன் படத்திலிருந்து கழியுங்கள். நட்சத்திரங்கள் மறையும் வரை அந்த எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது வாயு மட்டும். அதைச் சிவப்போடு கூட்டுங்கள். இதையெல்லாம் ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு (மங்கலானதைத் தூக்கிக் காட்டுவதற்கு) முன்பே, படம் லீனியராக, அதாவது பிக்சல் மதிப்பு விழுந்த ஒளியின் விகிதத்திலேயே, இருக்கும்போதே செய்ய வேண்டும். ஸ்ட்ரெட்ச் செய்த பிறகு அந்தக் கழித்தலுக்கு அர்த்தமே இல்லை.

ஆக்ஸிஜன் பெரும்பாலும் ஹைட்ரஜனைவிட மெலிந்திருக்கும். அதை ஹைட்ரஜன் அளவுக்குத் தூக்கினால் இரைச்சலும் கூடவே ஏறும். நான் ஆக்ஸிஜன் ஸ்டாக்கில் தாராளமாக இரைச்சலைக் குறைப்பேன். நிறம் கொஞ்சம் மழுங்கினாலும் கண் பொறுத்துக்கொள்ளும், வெளிச்ச விவரம் மழுங்கினால் பொறுக்காது. அதற்காக ஹைட்ரஜனையே முழு வெளிச்ச அடுக்காக வைத்துவிடாதீர்கள். பிறை நெபுலாவில், அதாவது என்ஜிசி 6888-இல், வெளியே போர்வை மாதிரி ஓர் ஆக்ஸிஜன் படலம் இருக்கிறது. ஹைட்ரஜன் வெளிச்சத்தில் அது காணாமல் போய்விடும்.

சல்ஃபர், ஹைட்ரஜன், ஆக்ஸிஜனை முறையே சிவப்பு, பச்சை, நீலமாகக் காட்டும் ஹபிள் நிறக் கலவைக்கு சல்ஃபர்-2 வேண்டும். உங்கள் டூயல் பேண்ட் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் மட்டும் விடுவது என்றால், சல்ஃபருக்குத் தனி ஃபில்டரில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக நட்சத்திரங்கள். ஸ்டார்நெட் மாதிரி ஒரு மென்பொருளால் டூயல் பேண்ட் படத்தின் நட்சத்திரங்களை நீக்கிவிட்டு, ஃபில்டர் இல்லாத படத்தின் நட்சத்திரங்களை ஸ்க்ரீன் முறையில் (இரண்டு படங்களின் வெளிச்சத்தையும் வெளுக்காமல் சேர்க்கும் முறை) மேலே வையுங்கள். அப்புறம் 300 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். நட்சத்திரத்தைச் சுற்றி நீலப்பச்சை வளையம் இருந்தால் ஆக்ஸிஜன் படத்தில் நட்சத்திரம் பெருத்திருக்கிறது, அந்த எச்சம் நீங்கவில்லை. ஃபோகஸ் மாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். 2 மில்லிமீட்டர் தடிமன் ஃபில்டர், ஃபோகஸை முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பின்னே தள்ளும். ஃபில்டர் மாற்றினால் மறுபடி ஃபோகஸ் செய்வதைத் தவிர்க்கவே முடியாது.

ரோசெட்டில் இதைச் சரிபார்க்க நல்ல இடம் ஒன்று உண்டு. நடுவில் உள்ள என்ஜிசி 2244 கூட்டத்தின் இளநீல நட்சத்திரங்களுக்கிடையே 12 மோனோசெரோடிஸ் என்ற மஞ்சள் நட்சத்திரம் தெரியும். அது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, நமக்கு அருகில் இருப்பது. என் முதல் படத்தில் அதுவும் மற்றவை போல வெளுத்திருந்தது. தனித்தனியாக ஸ்டாக் செய்து கலந்த படத்தில் அந்த மஞ்சள் திரும்பி வந்துவிட்டது. உங்கள் படத்திலும் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.