பனிமலைப் பூவும் நம்ம ஊர்த் தொட்டியும்

பாளையங்கோட்டை: ஆல்ப்ஸ் மலையின் நீல ஜென்ஷியன் செடி மொட்டை மாடியில் வளருமா அண்ணாச்சி?

வளராது. சாண் உயரம்கூட இல்லாமல் தரையோடு ஒட்டிக் கிடக்கும் செடி அது. வெயிலைத் தாங்கும், மலை உச்சியிலும் வெயில் சுள்ளென்றுதான் அடிக்கும். தாங்காதது ராத்திரி வெக்கை. பகலில் சேர்த்த சத்தைச் செடி இரவில் மூச்சு விட்டே செலவழிக்கும். சூடு ஏற ஏறச் செலவும் ஏறும். சித்திரையில் நமக்கு நடுராத்திரியும் 25 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். சேமிப்பு தீர்ந்து செடி ஓய்ந்துவிடும்.

தென்காசி: விதையை ஃப்ரிட்ஜில் வைத்தால்?

ஈர மணலில் கலந்து சில வாரம் வைத்தால் முளைக்கும். அப்புறம் சித்திரை வரும்.

அம்பாசமுத்திரம்: தொட்டி அடியில் சல்லி போட்டால் தண்ணீர் வடியும்தானே?

வடியாது. பொடி மண்ணில் இருக்கும் நீர், சல்லியின் பெரிய இடுக்குக்குள் லேசில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதியிலேயே தேங்கும். சல்லி எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு அந்தச் சகதி வேரை நோக்கி ஏறும். சல்லியை மண்ணோடு கலந்துவிடுங்கள். மேலே ஒரு விரல்கடை பரப்புங்கள். செடியின் கழுத்து, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடம், காய்ந்திருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம்: தாத்தா காலத்திலிருந்து ஓட்டுச் சில்லு போடுகிறோம். ரோஜா நன்றாகத்தானே இருக்கிறது?

துளையை மறைக்க ஒரு சில்லு வைப்பது மண் ஒழுகாமல் இருக்க. அது சரி. நாலு விரல் உயரம் சல்லி நிரப்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்க வையுங்கள். சொட்டு நின்றதும் நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். தொட்டியிலும் மண் உயரமாக இருந்தால்தான் நன்றாக வடியும். சல்லி அந்த உயரத்தைத் தின்றுவிடுகிறது.

நாங்குநேரி: அப்போ நீலமாகத் தரையில் படர எதுதான் வரும்?

விஷ்ணுகிரந்தி! நம் சரளை மண்ணில் தானாக வருவது, வேர் பல வருஷம் நிற்கும், காலையில் குட்டி நீலப்பூ. இதை யாரும் தொட்டியில் வைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பெரிய பூ வேண்டுமென்றால் நர்சரியில் ‘ப்ளூ டேஸ்’ கேளுங்கள்; இதற்கு நெருங்கிய சொந்தம், பிரேசில்காரி. நல்ல வெயிலில் வையுங்கள், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

கல்லிடைக்குறிச்சி: மாஞ்சோலைப் பக்கமிருந்து குளிர்ச் செடி பிடுங்கி வரலாமா?

கூடாது. அது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். காட்டிலிருந்து ஒரு வேர்கூட எடுக்காதீர்கள்.

வள்ளியூர்: ஜென்ஷியனுக்கு ஐஸ் கட்டி வைத்தால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

அம்பாசமுத்திரம்: மேலே சல்லிக்குப் பதில் தேங்காய் நார்?

ஈரம் பிடிக்கும், கழுத்து அழுகும். சல்லிதான்.