ஸ்பீக்கரில் ஓயாத முனகல்: எர்த் கம்பியைக் கழற்றலாமா?

கேள்வி: அப்பா வைத்துச் சென்ற ஆம்ப்ளிஃபயரில் மார்கழிக் கச்சேரிப் பதிவுகளைக் கேட்பது என் வழக்கம். தொலைக்காட்சியின் கேபிள் செட்டாப் பாக்ஸையும் அதனுடன் இணைத்த நாளிலிருந்து, ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற முனகல் ஓயாமல் கேட்கிறது. தம்புரா நாதமே அதில் அமிழ்ந்துபோகிறது. பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றினால் சரியாகும் என்கிறார் நண்பர். கழற்றலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: கழற்றவே கூடாது. கழற்றினால் முனகல் அடங்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு கம்பியின் உறை சிதைந்து, ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியில் 230 வோல்ட் ஏறும் நாளில், அந்த மின்சாரம் தரைக்குப் போக வேண்டிய வழி உங்கள் உடலாகிவிடும்.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகே முனகல் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. கேபிளின் உலோக வெளிப்பின்னல் வேறெங்கோ தரையைத் தொடுகிறது. உங்கள் ஆம்ப்ளிஃபயரோ வீட்டு எர்த் வழியாகத் தொடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சிறிய வோல்ட் வேறுபாட்டால், ஆடியோ ஒயரின் உலோகப் பின்னலில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடுகிறது. அதற்கும் பாட்டுக்கும் வேறுபாடு தெரியாத ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. எல்லாக் கருவிகளின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பாக்ஸின் பின்புறமுள்ள கேபிளைக் கழற்றி, பிறகு பழைய இணைப்புகளோடு ஆம்ப்ளிஃபயரையும் பாக்ஸையும் மட்டும் இயக்கிப் பாருங்கள். முனகல் மறைந்தால் ஐயமில்லை.

பாக்ஸிலோ தொலைக்காட்சியிலோ ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதுவே சிறந்த வழி; அந்த ஒயரில் ஒளிதான் செல்கிறது, உலோகத் தொடர்பே இல்லை. பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஒளியை ஆடியோவாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று இடையில் வேண்டும். ஒயர்களுக்கிடையே உலோகத் தொடர்பின்றி ஒலியை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் பயன்படும். ஆனால் மலிவானவை தாழ்ந்த ஒலிகளை மெலியச் செய்வதால், மிருதங்கத்தின் தொப்பி நாதம் எடுபடாமல் போகும். கச்சேரி கேட்பவருக்கு அது சிறிய இழப்பன்று. எதை வாங்கும் முன்பும், எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

எல்லா உள்ளீட்டு ஒயர்களையும் எடுத்த பின்னும், வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாத முனகல் இருந்தால், அது வேறு நோய். மின்வழங்கிப் பகுதியின் பெரிய கெப்பாசிட்டர்கள் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் உலர்ந்திருக்கும்; அந்த ஒலி 100 ஹெர்ட்ஸ், அதாவது முன்பு சொன்ன 50 ஹெர்ட்ஸ் முனகலைவிட ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அவற்றில் மின்னூட்டம் தங்கும் என்பதால், பெட்டியைத் தேர்ந்த மெக்கானிக்கே திறக்கட்டும்.

கேள்வி: மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்தால் மட்டும் ஸ்பீக்கர் ‘கர்ர்’ என்கிறது. ஏன்?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: உங்கள் ரெகுலேட்டர் திருகிக்கொண்டே போகும் எலெக்ட்ரானிக் வகையாக இருக்கலாம். அது மின்னலையை நொடிக்கு 100 முறை வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒயரில் ஒரு கீறலாக விழுகிறது. படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் வகையைப் பொருத்தச் சொல்லுங்கள். கடற்காற்று படும் வீடு என்பதால், ஆடியோ ஒயர்களின் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.