ஊசி போட்டதும் கை வெளுத்தால்?

கேள்வி: அண்ணனுக்கு முழங்கை மடிப்பில் ஊசி போட்டதுமே கை தீயாய் எரிந்து, விரல்கள் வெளுத்துவிட்டன. மருந்து தமனிக்குள் (இதயத்திலிருந்து கைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்க்குள்) போய்விட்டதாம். நாடி துடிக்கிறதே, காலைவரை பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதே ரத்தநாள அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மணிக்கட்டில் நாடி துடிப்பதை நம்பாதீர்கள். அடைபடுவது விரலுக்குள் ஓடும் பொடிக் குழாய்கள், சில மருந்துகள் அங்கே படிகமாகிச் சிக்கிக்கொள்ளும், குழாயும் சுருங்கி ரத்தம் உறையத் தொடங்கிவிடும். பொதுவாக ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், குழாயை விரிக்கும் மருந்து, வலிக்கு மருந்து கொடுப்பார்கள், சிலருக்குக் கழுத்தருகே நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் போடுவார்கள். கையை உயர்த்தியே வையுங்கள். ஐஸ், வெந்நீர் ஒத்தடம் எதுவும் கூடாது. மருந்து ஏற்றச் செருகிய ஊசிக்குழாய் இன்னும் கைக்குள் இருந்தால் பிடுங்கவிடாதீர்கள், அதன் வழியாகவே மருந்து செலுத்த முடியும். அப்புறம், போட்ட மருந்தின் குப்பியையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.