கொல்லைப் புல்லுக்கு எந்த மெஷின்?

கேள்வி: பழைய வீட்டுக் கொல்லையில் பத்து சென்ட் இடம். ஐப்பசி மழை முடிந்தால் புல் முட்டளவு நிற்கிறது. வெட்டுகிற மெஷின் பெட்ரோலில் வாங்கவா, கரண்டில் வாங்கவா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வெறும் புல் என்றால் கரண்டே போதும், சத்தமும் குறைவு. ஆனால் உங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள்தான் ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீளுமே, அவ்வளவு தூரம் ஒயர் இழுத்து, அதை மெஷினே அறுத்துவிடாமல் பார்த்துக்கொண்டு வெட்டுவது பெரும்பாடு. புல் ஈரமாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். பேட்டரியில் ஒயர் தொல்லை இல்லை, ஆனால் பாதியில் சார்ஜ் இறங்கும்.

சீமைக்கருவேலங்கன்று முளைத்திருக்கிறதா? சரி, அப்படியானால் புல்லை அறுக்கச் சுழலும் நைலான் நரம்பு உதவாது, இரும்பு பிளேடு மாட்டுகிற பெட்ரோல் மெஷின்தான். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும்; 25-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. சோம்பல்படுகிறவர்கள் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம், கலக்கும் வேலை இல்லை, கனம்தான் கொஞ்சம் கூடுதல். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர் என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டுப் போங்கள், பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும். அப்புறம், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இறங்காதீர்கள், கல் தெறிக்கும்.