முதலில் யார் சொல்வது?

அன்புள்ள ஐயா,

அறிவியல் செய்திகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நான் ஓர் ஆய்வு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருக்கிறேன். அதற்கு முன்பு சில காலம் நாளிதழில் நிருபராக இருந்தேன். அந்த ஒரே காரணத்துக்காக இப்போது ஒரு பெரிய பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஐந்து நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து, உயரமான மலைப் பனியாறு ஒன்றில் துளையிட்டு, பழைய காலநிலையை அறிவதற்காகப் பனி உருளைகளை எடுக்கப்போகின்றன. ஊடகம் தொடர்பானது எல்லாம் நான் பார்க்க வேண்டும்.

"ஆய்வுக்கட்டுரை வரும்வரை ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது" என்கிறார் திட்டத் தலைவர். நிதி தரும் அமைப்புக்கோ தினமும் படமும் செய்தியும் வேண்டும். கூட்டு நிறுவனங்களில் ஒன்று "எங்கள் அறிவிப்பை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டது. நான் யார் பேச்சைக் கேட்பது? இதையெல்லாம்விட, நிருபர்கள் தப்பாக எழுதிவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம். அதைத் தடுக்க வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முழுசாகத் தடுக்க முடியாது. ஆனால் தப்பு எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் உங்கள் பயம் வேறு பக்கம் திரும்பும்.

பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 மருத்துவ, உயிரியல் செய்திக்குறிப்புகளை ஒரு குழு எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் மூல ஆய்வுக்கட்டுரையோடும் மறுபக்கம் பத்திரிகைச் செய்தியோடும் ஒப்பிட்டது. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது. மக்களுக்கான அறிவுரையைக் கட்டுரையில் இருந்ததைவிட ஏற்றிச் சொன்ன குறிப்புகள் 40 சதவீதம். வெறும் தொடர்பு மட்டும் தெரிந்த இடத்தில் 'இதனால்தான் அது' என்று காரணத்தை உறுதியாக்கியவை 33 சதவீதம். குறிப்பு ஏற்றிச் சொன்ன இடத்தில் செய்தியும் பெரும்பாலும் ஏற்றிச் சொன்னது. குறிப்பு அடக்கமாக இருந்த இடத்தில் செய்தியிலும் மிகை வெகுவாகக் குறைந்தது. மிகைப்படுத்தியதால் அந்தக் குறிப்புகளுக்குப் பத்திரிகையில் கூடுதல் இடம் கிடைத்தது என்று சொல்லவும் பெரிதாக ஆதாரம் இல்லை. ஆக, நீங்கள் முதலில் கண்காணிக்க வேண்டியது உங்கள் மேஜையிலிருந்து கிளம்பும் தாளைத்தான். நிருபர் அப்புறம்.

பனி உருளை வேலையில் இது இன்னும் சிக்கல். மேலே எடுத்த உருளை உறைந்தபடியே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அறுத்து, உருக்கி, ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து, அடுக்குகளை எண்ணி முடிக்க மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். களத்தில் முடிவு என்று ஒன்றும் இருக்காது. ஆனால் நிருபர் கேட்கும் முதல் கேள்வியே "இந்தப் பனிக்கு எத்தனை வயது?" என்பதாகத்தான் இருக்கும். குளிரில் களைத்துப்போன ஒரு விஞ்ஞானி "பத்தாயிரம் வருடம்கூட இருக்கலாம்" என்று பேச்சுவாக்கில் சொல்வார். அந்த 'இருக்கலாம்' தலைப்பில் இருக்காது.

இந்தக் கேள்வியை நன்றாகக் கையாண்டவர்களும் உண்டு. அண்டார்டிகாவின் லிட்டில் டோம் சி பகுதியில் 10 ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 12 நிறுவனங்கள் நடத்தும் 'பியாண்ட் எபிகா' திட்டம், 2800 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டதை 2025 ஜனவரியில் அறிவித்தது. பனியின் வயது குறைந்தது 12 லட்சம் வருடம் என்றார்கள். அதோடு, இது முதல்கட்டப் பகுப்பாய்வு, உருளைகள் ஐரோப்பா வந்த பிறகே விரிவான ஆய்வு நடக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். செய்திகளிலும் அந்த வரம்பு பெருமளவு தங்கியது. உங்கள் குழுவில் யாராலும் இப்படி ஒரு வாக்கியத்தை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், "வயது இப்போது தெரியாது, இன்ன வேலை முடிந்த பிறகு தெரியும்" என்பதே எல்லோருக்கும் பொதுவான பதில். கிளம்புவதற்கு முன்பே அதை எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். சிரிப்பார்கள், பரவாயில்லை.

சரி, தலைவருக்கும் நிதி தருபவருக்கும் வருவோம். இவர்கள் இருவரும் மோதுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். தலைவர் பயப்படுவது முடிவுகள் கசிவதைப் பற்றி. அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆசிரியராக இருந்த இங்கல்ஃபிங்கர், வேறெங்காவது முன்பே வெளியான முடிவுகளைத் தன் இதழ் வெளியிடாது என்று 1969இல் ஒரு விதி போட்டார். நாளிதழில் வந்தாலும் அதே கதிதான். மற்ற ஆய்விதழ்களும் அதைப் பின்பற்றின. இன்று பல இதழ்களில் அந்த விதி தளர்ந்துவிட்டது, விஞ்ஞானிகள் மனதில் மட்டும் தளரவில்லை. நிதி தருபவர் கேட்பதோ முடிவை இல்லை, வேலை நடப்பதை. கூடாரம், துளைக்கருவி, உருளையை வெளியே இழுக்கும் கைகள், புயலில் வீணாய்ப்போன ஒரு நாள். இதைச் சொன்னதற்காக எந்த ஆய்விதழும் ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வேலையைச் சொல்வது வேறு, முடிவைச் சொல்வது வேறு என்பதற்கு ஒரே குழுவிடமிருந்து இரண்டு உதாரணம் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் தொல்மானிடவியலாளர் லீ பெர்கரின் குழு 2013 நவம்பரில் புதைபடிவங்களைத் தோண்டியபோது, களத்திலிருந்தே ட்விட்டரிலும் வலைப்பதிவிலும் தினமும் எழுதினார்கள். உலகமே கூடவே இருந்து பார்த்தது. ஆனால் இது என்ன இனம் என்று அப்போது அறிவிக்கவில்லை. அழிந்துபோன அந்த மனித இனத்துக்கு ஹோமோ நலேடி என்ற பெயர் 2015 செப்டம்பரில் ஆய்வுக்கட்டுரையோடுதான் வந்தது. கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. அதே திட்டம் 2023இல், ஹோமோ நலேடி தன் இறந்தவர்களைப் புதைத்தது என்று அறிவித்தது. ஜூன் மாதம் அறிவிப்பு, ஜூலையில் ஆவணப்படம், அதே ஜூலையில் சக ஆய்வாளர்களின் மதிப்பீடுகள். 'ஆதாரம் போதவில்லை' என்று அவை சொன்னபோது, கதை ஏற்கெனவே உலகம் முழுக்கப் போய்விட்டிருந்தது. குழு கட்டுரையைத் திருத்தி எழுதியது, விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒருவேளை அவர்கள் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதன்பிறகு எலும்புகளைப் பற்றி நடந்த பேச்சுக்குச் சமமாக விளம்பரத்தைப் பற்றியும் பேச்சு நடந்தது. உங்கள் தலைவரிடம் 2023ஐச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் இருப்பதாக நினைப்பார். உடனே 2013ஐயும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, தனியாக அறிவிப்போம் என்ற நிறுவனம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டுத் திட்டங்களில் பணம் அதிகம் தந்த நாட்டின் பெயர் முதல் பத்தியிலும், மற்றவர்கள் கடைசி வரியிலும் வருவது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் அவர்கள் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறார்கள். 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படத்தை ஈவன்ட் ஹொரைசன் டெலஸ்கோப் குழு வெளியிட்ட விதத்தை அவர்களிடம் காட்டுங்கள். பிரஸ்ஸல்ஸ், வாஷிங்டன், சாந்தியாகோ, ஷாங்காய், தைபே, டோக்கியோ என்று ஆறு நகரங்களில் ஒரே நேரத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. எந்த நாட்டு நிருபரும் இன்னொரு நாட்டுச் செய்தியைப் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு ஆறு நகரம் தேவையில்லை. ஒரே நேரம், ஒரே உண்மைத்தாள், மேலே அவரவர் மொழியில் அவரவர் விஞ்ஞானியின் பேச்சு. இது போதும். நேரத்தை மட்டும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், குறிப்பிடுங்கள். 'நாளை காலை எட்டு மணி' என்று எழுதி எம்பார்கோவை, அதாவது குறித்த நேரத்துக்கு முன் செய்தியை வெளியிடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை, உடைத்தவர்கள் பலர், கெட்ட எண்ணத்தினால் இல்லை.

அதே நாளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்தைத் திரையில் பார்த்து வியக்கும், குழுவின் விஞ்ஞானிகளில் ஒருவரான கேட்டி பௌமனின் புகைப்படம் பரவியது. சில மணிநேரத்தில் 200க்கும் மேற்பட்டவர்களின் உழைப்பு அவர் ஒருவரின் சாதனையாகிவிட்டது. தனியொருவர் செய்ததில்லை என்று அவரே எழுதினார். அதற்குள் அவரைக் குறிவைத்து இணையத்தில் வசையும் ஆரம்பித்துவிட்டது. ஊடகத்துக்கு ஒரு முகம் வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. நீங்கள் பல முகங்களைக் கையில் வைத்திருந்தால் அவற்றில் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்வார்கள். சமையல்காரர், துளைக்கருவி இயக்குபவர், சுமை தூக்கும் உள்ளூர்க்காரர் ஆகியோரின் படங்களும், அவர்கள் சம்மதத்தோடு, அந்தத் தொகுப்பில் இருக்கட்டும்.

இனி, நல்ல செய்தி கெட்ட செய்தியாக மாறும் நாள். 2013 டிசம்பரில் அண்டார்டிகா அருகே அகதெமிக் ஷோகால்ஸ்கி கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. ஓர் ஆய்வுப் பயணக்குழு அதில் இருந்தது. பிபிசி, கார்டியன் நிருபர்களும் கூடவே இருந்தார்கள். சீனக் கப்பல் ஷுவே லோங்கின் ஹெலிகாப்டர் 52 பேரை 2014 ஜனவரி 2 அன்று தூக்கி ஆஸ்திரேலியக் கப்பலுக்குக் கொண்டுசேர்த்தது. அப்புறம் ஷுவே லோங்கே மாட்டிக்கொண்டது. ஜனவரி 7 அன்றுதான் இரண்டு கப்பல்களும் விடுபட்டன. அந்த நாட்களில் உலகம் கேட்டது 'என்ன ஆய்வு செய்தீர்கள்' என்று இல்லை, 'எதற்காகப் போனீர்கள், மீட்கும் செலவு யாருடையது, உங்களால் எத்தனை பேருடைய ஆய்வு தாமதமானது' என்று. இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் கிளம்புவதற்கு முன்பே எழுதப்பட்டு, தலைவரும் நிதி தருபவரும் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். விபத்து என்றால் குடும்பத்துக்குச் சொன்ன பிறகே ஊடகம். அதுவரை முகாமிலிருந்து சொந்தத் தொலைபேசியில் யாரும் எதையும் பதிவிடக்கூடாது. பேசுபவர் கீழே அலுவலகத்தில் இருப்பவராக இருக்கட்டும். மேலே இருக்கும் தலைவருக்கு அன்று வேறு வேலை இருக்கும்.

தோல்வியை அறிவிக்கவும் தயாராக இருங்கள். 2012 டிசம்பரில் அண்டார்டிகாவில் பனிக்கு அடியில் இருக்கும் எல்ஸ்வொர்த் ஏரியை வெந்நீரால் துளைத்து எட்ட முயன்ற பிரிட்டிஷ் குழு, இரண்டு துளைகளைப் பனிக்கடியில் இணைக்க முடியாமல் வேலையை நிறுத்தியது. என்ன நடந்தது, ஏன் நிறுத்தினோம் என்று உடனே வெளிப்படையாகச் சொன்னார்கள். துளைக்கருவி உங்களுக்கும் சிக்கிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு தரப்பு இல்லவே இல்லை. தலைவர், நிதி தருபவர், கூட்டாளி, நிருபர் எல்லோரும் இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் எங்கே? ஹவாயின் மௌனா கேயாவில் முப்பது மீட்டர் தொலைநோக்கி கட்ட அமெரிக்கா, கனடா, ஜப்பான், சீனா, இந்தியா சேர்ந்து திட்டமிட்டன. அந்த மலையைப் புனிதமாகக் கருதும் மக்கள் 2019 ஜூலையில் பாதையை மறித்தார்கள். முதியவர்கள் கைதாகும் படங்கள் உலகம் முழுக்கப் போயின. விஞ்ஞானிகள் வானத்தைப் பற்றி அத்தனை வருடம் பேசியதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. நிலத்தைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றது. ஊடகத் தொடர்பால் மட்டும் தீர்ந்திருக்கும் சண்டை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தங்கள் ஊரில் நடப்பதை வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலையை யாருக்கும் உண்டாக்கக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடிகளான சான் மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்கென்று ஒரு நெறிமுறையே வெளியிட்டார்கள். படம் எடுக்கும்போது எங்கள் அந்தரங்கத்தை மதியுங்கள், கல்விப்புலத்து மொழியில் பேசாமல் தெளிவாகச் சொல்லுங்கள் என்பவை அதில் உண்டு. முடிவுகளைத் திரும்ப வந்து சொல்வதாகக் கூறிவிட்டு வராமல் போனவர்கள் மேல் அவர்களுக்கு இருந்த கோபமும் அதில் தெரிகிறது. எனவே உங்கள் முதல் பத்திரிகையாளர் சந்திப்பு அந்த வட்டாரத்து வானொலிக்கும் பத்திரிகைக்கும், அவர்கள் மொழியில், துளைக்கருவி மலையேறும் முன்பே நடக்கட்டும். எதற்கு மலையைத் துளைக்கிறார்கள், கனிமம் தேடுகிறார்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

மற்றவை உங்களுக்கே தெரியும். செயற்கைக்கோள் இணைப்பு மெதுவாக இருக்கும், படங்களைச் சின்னதாக்கி அனுப்பச் சொல்லுங்கள். படப்பிடிப்புக் குழுவுக்கும் டிரோனுக்கும் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். ஆய்வு விசாவில் கேமராக்காரரை அழைத்துப்போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். செய்தியை அச்சுக்கு முன் காட்டச் சொல்லி நிருபரிடம் கேட்காதீர்கள். நீங்கள் நிருபராக இருந்தபோது யாராவது கேட்டால் எப்படி எரிச்சல்பட்டீர்களோ அப்படித்தான் அவரும் படுவார். எண்களையும் பெயர்களையும் சரிபார்க்க எந்நேரமும் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், அழைத்தால் எடுங்கள்.

தலைவர், நிதி தருபவர், ஐந்து நிறுவனங்களின் ஆட்கள் எல்லோரையும் ஒரே அழைப்பில் உட்காரவைத்து, எதை யார் எப்போது சொல்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். அந்த அழைப்பு சுமுகமாக இருக்காது. மலைக்குப் போன பிறகு நடக்கவேண்டிய சண்டையை இப்போதே போட்டுவிடுவது நல்லது. வரைவு தயாரானால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.