முதல் சுற்றில் தோற்பவர்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

2020 ஜூன் முதல் வாரம், ஊரடங்கில் சும்மா கிடந்தபோது போனில் தற்செயலாகப் பார்த்து, மேசையில் கோலால் பந்தடிக்கிற ஸ்னூக்கர் மேல் பைத்தியம் பிடித்தவன் நான். கடையநல்லூரில் இதைப் பேச ஆள் கிடையாது, அதனால் உங்களிடம் கேட்கிறேன். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சின்னப் போட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. நாலு ஃபிரேம் (டென்னிஸில் செட் மாதிரி) எடுத்தால் ஜெயிப்பு, பாதி நாற்காலி காலி. பெரிய ஆட்டக்காரர்கள் வருவதில்லை, வந்தாலும் ஏனோதானோவென்று ஆடித் தோற்றுவிட்டுப் போகிறார்கள். உலக சாம்பியன்ஷிப், மாஸ்டர்ஸ், யூகே மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றதை மூடினால் என்ன நஷ்டம்? சங்கர் நகரில் போய் டிஎன்பிஎல் பார்க்கும்போது இருக்கிற விறுவிறுப்பில் பாதிகூட இதில் இல்லையே.

க., கடையநல்லூர்

அன்புள்ள க.,

அந்த ஜூன் முதல் வாரத்தில் நீங்கள் பார்த்தது எது என்று யோசித்தீர்களா? மில்டன் கீன்ஸில் நடந்த சாம்பியன்ஷிப் லீக். 64 பேர், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத அரங்கு, அப்போது அது ரேங்கிங் என்கிற உலகத் தரவரிசைக் கணக்கிலும் சேராது, குரூப் ஆட்டங்கள் நாலே ஃபிரேம். நீங்கள் மூடச் சொல்கிற வகையிலேயே ஆகச் சின்னது அதுதான், உங்களை உள்ளே இழுத்துப்போட்டதும் அதுதான். அதை ஜெயித்தவர் பெல்ஜியத்துக்காரர் லூகா பிரெசெல். மூன்று வருஷம் கழித்து 2023-ல் ஷெஃபீல்டில் மார்க் செல்பியை 18-15 என்று தோற்கடித்து உலக சாம்பியன் ஆனாரே, அவரேதான்.

மூன்று போட்டிகள் போதும் என்பது மேலே இருக்கிற பதினாறு பேருக்குச் சரி. தொழில்முறைச் சுற்றில் இருப்பது ஏறத்தாழ 128 பேர். இரண்டு வருஷம் சம்பாதித்த பரிசுப் பணத்தைக் கூட்டித்தான் ரேங்கிங் போடுகிறார்கள், 64-க்குக் கீழே போனால் இடமே ஆட்டம் கண்டுவிடும், கியூ ஸ்கூல் என்கிற தகுதிப் போட்டியில் அமெச்சூர் பையன்களோடு மறுபடி முதலிலிருந்து மோத வேண்டும். அப்படி 60-லும் 70-லும் நிற்கிறவனுக்கு ஒரு சின்னப் போட்டியில் இரண்டு சுற்று தாண்டுவது என்பது அடுத்த வருஷமும் இதே தொழிலில் இருப்பேனா என்கிற கேள்விக்குப் பதில். அந்த ஆட்டத்தைப் போய் விறுவிறுப்பு இல்லை என்கிறீர்கள். இனி முதல் சுற்று ஆட்டம் ஒன்றைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு பேரின் ரேங்கிங்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்காருங்கள், 3-3 ஆனதும் கடைசி ஃபிரேமில் ஒரு லேசான பச்சைப் பந்துக்கு முன்னால் அவன் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறான் என்பது புரியும்.

நீங்கள் கேட்கிற மாதிரி ஒரு காலம் இருக்கத்தான் செய்தது. 2009-10 சீசனில் ரேங்கிங் போட்டிகள் மொத்தமே ஆறு. முதல் சுற்றில் தோற்றவன் அடுத்த ஆட்டத்துக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தான், கியூ என்கிற ஆட்டக்கோல் கையில் இருந்தும் வேலை இல்லாத மாதிரி. அடுத்த வருஷம் தொழில்முறை ஸ்னூக்கரை நடத்தும் பொறுப்புக்குப் பேரி ஹெர்ன் வந்து பிளேயர்ஸ் டூர் சாம்பியன்ஷிப் என்று பன்னிரண்டு சின்னப் போட்டிகளைத் தொடங்கினார், ஆறு ஷெஃபீல்டில், ஆறு ஐரோப்பாவில், அமெச்சூர்களும் நுழையலாம். ஜோ பெர்ரி 1991-ல் தொழில்முறைக்கு வந்தவர். ஒரு ரேங்கிங் பட்டம்கூட இல்லாமல் நாற்பது வயதாகிவிட்டது. 2015-ல் அந்தத் தொடரின் இறுதிப் போட்டி பாங்காக்கில். மார்க் வில்லியம்ஸிடம் 0-3 பின்தங்கி, பிறகு வரிசையாக நாலு ஃபிரேம் எடுத்து 4-3 என்று ஜெயித்தார். மூன்று பெரிய போட்டிகள் மட்டும் இருந்த உலகத்தில் பெர்ரிக்கு அந்த ராத்திரி கிடைத்திருக்காது. 2022-ல் வெல்ஷ் ஓப்பனையும் எடுத்தார், வயது 47!

அப்புறம் ரசிகர் விஷயம். 1882 வாக்கில் இந்த ஆட்டத்தின் விதிகளை எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில், ஆனாலும் நமக்குப் பக்கத்தில் தொழில்முறை ஸ்னூக்கர் வருவது எவ்வளவு அபூர்வம்! 2013-ல் டெல்லிக்கு இந்தியன் ஓப்பன் வந்தபோதுதான் ஒரு இந்தியர், ஆதித்யா மேத்தா, முதல்தடவையாக ரேங்கிங் இறுதி ஆட்டத்துக்குப் போனார். டிங் ஜுன்ஹுவிடம் 5-0 தோல்விதான், ஆனாலும் போனார். 2019-ல் அதே போட்டி கொச்சியில். பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி காலையில் எர்ணாகுளத்தில் இறங்கினேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து மேசை பத்துப் பன்னிரண்டு அடிதான். டிவியில் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது: சாக் தேய்க்கிற கரகர, ரெஃப்ரி வெள்ளைப் பந்தைத் துடைத்து வைக்கும்போது கையுறை உரசுவது. தோற்ற ஒருவர் கைகுலுக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கியூவை இரண்டாகத் திருகிக் கழற்றி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார். அந்தப் பூட்டு விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாரம் பட்டம் மேத்யூ செல்ட்டுக்கு, அவருடைய முதல் ரேங்கிங் பட்டம். உலக சாம்பியன்ஷிப் கொச்சிக்கு வராது, சின்னப் போட்டி வந்தது.

நீங்கள் சொல்லாத குறை ஒன்று இருக்கிறது. முதல் சுற்றில் தோற்றவனுக்கு விமானம், ரூம் எல்லாம் அவன் கைக்காசு. அதைத்தான் திருத்தச் சொல்ல வேண்டும், கடையை மூடச் சொல்லக் கூடாது. ஏனோதானோவென்று ஆடுகிற பெரியவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவர்கள் தோற்ற இடத்தில் வேறொருவன் ஜெயித்திருக்கிறான், அவன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஎன்பிஎல் பற்றிச் சொன்னீர்கள். ஐபிஎல் மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் நடராஜன் எங்கிருந்து வந்திருப்பார்?

பாளையங்கோட்டையில் நான் போகிற கிளப்பில் இருப்பது இரண்டே மேசை. மேசைகளைப் பார்த்துக்கொள்கிற மார்க்கர் அண்ணாச்சிக்கு எழுபது வயது, மேசைத் துணிக்கு பால்க் பக்கமிருந்து, அதாவது ஆட்டம் தொடங்குகிற முனையிலிருந்து, கறுப்புப் பந்துப் பக்கமாகத்தான் பிரஷ் போடுவார், எதிர்த்திசையில் ஒரு இழுப்பு இழுத்தால் திட்டு விழும். அங்கே பன்னிரண்டு பையன்களுக்கு ஒரு போட்டி வைக்கிறோம், வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் சுற்று. மழை பெய்தால் துணிக்கு இஸ்திரி போட வேண்டும், அரைமணி தாமதமாகும். தென்காசி பஸ்ஸில் வந்தால் இறங்கியதும் போன் பண்ணுங்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன்.